கைக்காசு, காப்பீட்டு அட்டை, பொதுப்பணம்: வளரும் நாடுகளின் மருத்துவச் செலவை யார் சுமக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: வளரும் நாடுகள் கடந்த நாற்பது வருடங்களில் மருத்துவத்துக்குப் பணம் திரட்டும் முறையைப் பலதடவை மாற்றிவிட்டன. முதலில் கட்டணம் வைத்தார்கள், பிறகு எடுத்தார்கள், அப்புறம் காப்பீடு என்றார்கள். இதில் ஏழைகளுக்கு நியாயம் கிடைத்ததா, அல்லது ஏற்கெனவே வசதியாக இருப்பவர்களுக்கே மறுபடியும் போய்ச் சேர்ந்ததா?

இரண்டும் நடந்திருக்கிறது. எங்கே எது நடந்தது என்று பார்த்துக்கொண்டே போனால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரியும். உடம்பு முடியாத நேரத்தில், மருத்துவமனை வாசலில் வைத்து நோயாளியிடமே பணம் கேட்கும் எந்த ஏற்பாடும் ஏழையைத்தான் முதலில் அடிக்கிறது. அந்த நேரம் வருவதற்கு முன்பே, எல்லோரிடமிருந்தும் அவரவர் சக்திக்கேற்ப வாங்கி, ஒரே பானையில் போட்டு, தேவைப்பட்டவருக்கு எடுத்துக் கொடுத்த நாடுகளில்தான் நிலைமை மாறியிருக்கிறது. சொல்வதற்கு எளிது. ஆனால் ஒவ்வொரு நாடும் இதில் ஏதோ ஒரு இடத்தில் சறுக்கியிருக்கிறது. அந்தச் சறுக்கல்களைப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

முதலில் நியாயத்தை எப்படி அளக்கிறார்கள் என்று சொல்லிவிடுகிறேன். நான் பல வருடங்கள் குடும்பச் செலவுக் கணக்கெடுப்புப் படிவங்களை வைத்துக் கணக்குப் போடும் வேலையில் இருந்தவன். அந்தப் படிவத்தில் மருத்துவத்துக்கென்று ஒரு பக்கம் உண்டு. டாக்டர் கட்டணம், மருந்து, பரிசோதனை, போக்குவரத்து, கூட இருந்தவரின் சாப்பாடு, கடைசியாக "பணம் எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி: சேமிப்பா, கடனா, எதையாவது விற்றதா. இரண்டு குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். ஒன்றில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. மருத்துவமனையில் சேர்த்தார்கள், மாட்டை விற்றார்கள், வட்டிக்கும் வாங்கினார்கள். இன்னொன்றிலும் அதே நெஞ்சுவலிதான். ஆனால் விற்க மாடு இல்லை, நம்பிக் கடன் கொடுக்கவும் ஆளில்லை. அவர் வீட்டிலேயே படுத்திருந்தார். இந்த இரண்டாவது குடும்பத்தின் படிவத்தில் மருத்துவச் செலவுக் கட்டங்கள் எல்லாவற்றிலும் பூஜ்யம்.

ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் இதற்கென ஒரு அளவுகோல் இருக்கிறது. 2025ல் அதை மாற்றும் வரை, வீட்டின் மொத்தச் செலவில் 10 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குப் போனால் அது பேரிழப்புச் செலவு என்று எண்ணப்பட்டது. 25 சதவீதம் என்று இன்னொரு கோடும் இருந்தது. முதல் குடும்பம் அந்தக் கணக்கில் வரும். இரண்டாவது வராது. கணக்குப்படி அது பாதுகாப்பாக இருக்கும் குடும்பம். ஆசிய நாடுகளை ஒப்பிட்ட ஆய்வுகளில், மிக ஏழை நாடுகள் சிலவற்றில் கைக்காசுச் செலவில், அதாவது நோயாளிகள் தங்கள் கையிலிருந்தே கட்டும் பணத்தில், பணக்காரர்களின் பங்கு மொத்த வருமானத்தில் அவர்களுக்கு இருக்கும் பங்கைவிட அதிகமாக இருந்தது. பணக்காரர்தான் அதிகம் சுமக்கிறார், நல்லதுதானே என்று தோன்றும். காரணம் வேறு: ஏழைகள் மருத்துவமனைக்கே போகவில்லை. அதனால் ஒரு சீர்திருத்தத்தைப் பற்றிப் பேசும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்க வேண்டும். யார் கட்டினார்கள்? யாருக்கு வைத்தியம் கிடைத்தது? ஒன்றை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் 2023ல் வெளியிட்ட அறிக்கை இந்த இரண்டையும் தனித்தனியாகவே சொல்கிறது. அடிப்படை மருத்துவ சேவைகள் முழுமையாகக் கிடைக்காதவர்கள் உலகத்தில் சுமார் 450 கோடிப் பேர். மருத்துவச் செலவால் பண நெருக்கடிக்கு ஆளானவர்கள் சுமார் 200 கோடிப் பேர்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1980களில் பல வளரும் நாடுகள் கடனில் மூழ்கியிருந்தன. சம்பளம் கொடுத்தது போக மருந்து வாங்க அரசிடம் மிச்சமில்லை. 1987ல் உலக வங்கி ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. அரசு மருத்துவமனைகளில் நோயாளிகளிடம் கட்டணம் வாங்குங்கள், காப்பீட்டை வளருங்கள் என்பது அதன் சாரம். அதே வருடம் மாலியின் தலைநகர் பமாகோவில் ஆப்பிரிக்க சுகாதார அமைச்சர்கள் கூடி, மருந்தை விற்று வரும் பணத்தில் கிராமத்துச் சுகாதார நிலையத்தையும் மருந்து இருப்பையும் நடத்தலாம் என்று தீர்மானித்தார்கள். இதில் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. பூட்டிக் கிடந்த மருந்து அலமாரி திரும்ப நிறைய வேண்டும் என்ற நியாயமான ஆசைதான். "ஏழைகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்துவிடலாம்" என்றும் சேர்த்தே சொன்னார்கள்.

அந்த விலக்குதான் வேலை செய்யவில்லை. கிராமத்து நிலையத்தின் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவரின் நிலைமையை யோசியுங்கள். எதிரே காய்ச்சலில் துவளும் குழந்தையோடு ஒரு தாய். அவர் ஏழை என்று எழுதி விலக்குக் கொடுத்தால் அந்தக் கட்டணம் நிலையத்துக்கு வராது. அடுத்த மாத மருந்து அந்தப் பணத்தில்தான் வாங்க வேண்டும். சில இடங்களில் ஊழியரின் ஊக்கத்தொகையே அதிலிருந்துதான் வருகிறது. மேலிருந்து யாரும் ஈடுகட்டப் போவதில்லை. அப்படியானால் அவர் எத்தனை பேரை ஏழை என்று எழுதுவார்? நல்ல மனசுக்காரர்கூட இதில் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். அந்தத் தாய்க்கோ, இத்தனை பேர் பார்க்க "நான் ஏழை, விட்டுவிடுங்கள்" என்று கேட்க வாய் வராது. விலக்கு காகிதத்தில் இருந்தது. கவுன்ட்டரில் இல்லை.

சின்னக் கட்டணம்தானே, அதனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. கென்யாவில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பள்ளிக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்துவந்த குடற்புழு மாத்திரைக்கு ஒரு சிறு தொகை வைத்ததும், எடுத்துக்கொண்ட குழந்தைகளின் பங்கு சுமார் 75 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. கர்ப்பிணிகளுக்கான கொசுவலைக்கு இலவசத்துக்குப் பதில் 60 அமெரிக்க சென்ட் வாங்கியபோது அதை வாங்கிப்போனவர்களின் அளவு 60 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. காசு கொடுத்து வாங்கினால்தான் மதித்துப் பயன்படுத்துவார்கள் என்று ஒரு வாதம் உண்டல்லவா? இலவசமாக வாங்கியவர்களும் அதே அளவுக்குத்தான் வலையைப் பயன்படுத்தினார்கள். அந்த வாதத்தை இனி யாராவது சொன்னால் நான் பொறுமையாகக் கேட்பதில்லை.

அதனால் பல நாடுகள் கட்டணத்தை எடுத்தன. தென்னாப்பிரிக்கா 1994ல் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் நீக்கியது. உகாண்டா 2001 மார்ச்சில் அரசு நிலையங்களில் கட்டணத்தை ஒரேயடியாக ஒழித்தது. 2006ல் புருண்டி, கிராமப்புற ஜாம்பியா, 2010ல் சியரா லியோன் என்று வரிசை நீண்டது. உகாண்டாவில் கூட்டம் அலைமோதியது; அதிகமாக வரத் தொடங்கியவர்கள் பரம ஏழைகள்தான். இதுவே ஒரு பெரிய வெற்றி. ஆனால் அடுத்து வந்த கணக்கு மனசைக் கனக்க வைத்தது. ஏழைக் குடும்பங்களில் பேரிழப்புச் செலவு குறையவில்லை. ஏன்? கூட்டம் கூடிய வேகத்தில் மருந்து தீர்ந்தது. "இது இங்கே இல்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். கட்டணத்தில் வந்த சிறு வருமானம் நின்றுபோனதால் கையூட்டும் எட்டிப் பார்த்தது. டோக்கன் இலவசம், மருந்துக்குக் கடையில் காசு.

இந்தச் "வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற சீட்டைப் பற்றி நான் தனியாகவே ஒரு நாள் முழுக்கப் பேசுவேன். எந்த இலவசத் திட்டமும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அந்தச் சீட்டுகளை எண்ணினால் போதும். மருந்துக் கொள்முதல், கிடங்கு, வண்டி இவையெல்லாம் நிதிச் சீர்திருத்தம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நோயாளியின் பையிலிருந்து பணம் போவதும் போகாததும் அங்கேதான் முடிவாகிறது. சியரா லியோன் இதைக் கொஞ்சம் புரிந்துகொண்டு இறங்கியது. இலவசம் என்று அறிவிக்கும்போதே ஊழியர்களின் சம்பளத்தை உயர்த்தியது, சம்பளப் பட்டியலில் இருந்த போலிப் பெயர்களை நீக்கியது, மருந்தை முன்கூட்டியே வரவழைக்கவும் முயன்றது. அப்படியும் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. தயாரிப்பில்லாமல் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

கம்போடியா வேறொரு வழி பிடித்தது, எனக்கு அதில் ஒரு தனிப் பிரியம் உண்டு. அங்கே 2000 வாக்கில் தொடங்கி "சமத்துவ நிதி" என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். ஏழை நோயாளி மருத்துவமனைக்கு வந்தால் அவருக்கான கட்டணத்தை இந்த நிதி மருத்துவமனைக்குக் கட்டிவிடும். வந்துபோகும் வண்டிச் செலவும், கூட இருப்பவரின் சாப்பாட்டுச் செலவும் கொடுக்கும். யார் ஏழை என்பதைக் கவுன்ட்டர்காரர் முடிவு செய்வதில்லை. கிராமத்திலேயே முன்கூட்டிப் பட்டியல் எடுத்து அட்டை கொடுக்கிறார்கள். நான் மேலே சொன்ன கவுன்ட்டர் சிக்கல் இங்கே அவிழ்ந்துவிடுகிறது. ஏழை வந்தால் மருத்துவமனைக்கு நஷ்டமில்லை, வரவுதான். எதை எழுதினால் தனக்கு நஷ்டம் என்று ஊழியர் யோசிக்க வேண்டாத ஒரு ஏற்பாடு, எத்தனை சுற்றறிக்கைகளைவிடவும் பெரியது.

அப்புறம் காப்பீட்டுக் காலம் வந்தது. "மாதாமாதமோ வருடத்துக்கு ஒருமுறையோ கொஞ்சம் கட்டுங்கள், நோய் வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. விரும்பினால் சேரலாம் என்று விட்டால் யார் சேருவார்கள்? பிரீமியம் கட்டும் நாளில் கையில் பணம் இருப்பவர், ஏற்கெனவே நோய் இருப்பவர், மருத்துவமனை பக்கத்தில் இருப்பவர். கூலிக்காரருக்கு அறுவடை மாதத்தில் காசு இருக்கும், மற்ற மாதங்களில் இருக்காது. மருத்துவமனையே இல்லாத ஊரில் இருப்பவர் அட்டை வாங்கி என்ன செய்வார்? விரும்பிச் சேரும் பிரீமியத்தை நம்பியே எல்லா மக்களையும் காப்பீட்டுக்குள் கொண்டுவந்த நாடு ஒன்றுகூடக் கிடையாது.

கானாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் "காசைக் கட்டு, மருந்தை எடு" என்ற முறை இருந்தது. 2003ல் தேசியக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. மதிப்புக் கூட்டு வரியோடு 2.5 சதவீதம் சேர்த்து வசூலித்து அந்த நிதியில் போட்டார்கள். பணத்தில் பெரும்பகுதி அந்த வரியிலிருந்துதான் வந்தது; முறைசாராத் தொழிலாளர்கள் கட்டிய பிரீமியம் சொற்பம். ஆனால் சிகிச்சை பெற அட்டை வேண்டும், பெரும்பாலான பெரியவர்களுக்கு அட்டைக்குப் பிரீமியம் கட்ட வேண்டும். ஆரம்ப வருடங்களில் வசதியுள்ளவர்கள் அதிகம் சேர்ந்தார்கள், ஏழைகள் குறைவாகவே சேர்ந்தார்கள். வரி விதிக்கப்பட்ட எதை வாங்கினாலும் ஏழையும் அந்த நிதிக்குக் கொடுக்கிறார். பிரீமியம் கட்டாததால் அதிலிருந்து எடுக்க முடிவதில்லை. தன் பங்கைப் போட்டுவிட்டுப் பந்திக்கு வெளியே நிற்கும் நிலை. கர்ப்பிணிகளுக்கு 2008ல் பிரீமியத்தை எடுத்தபோது இந்த அநியாயத்தின் ஒரு பகுதி குறைந்தது.

ருவாண்டாவும் சமூகக் காப்பீட்டில்தான் தொடங்கியது. முதலில் எல்லோருக்கும் ஒரே பிரீமியம், ஆளுக்கு 1,000 ஃபிராங்க். நிலச்சுவான்தாருக்கும் நிலமில்லாதவருக்கும் ஒரே தொகை என்றால் அது யாருக்குப் பாரம் என்று சொல்ல வேண்டியதில்லை. 2011ல் அதை மூன்று படியாக்கினார்கள்: 2,000, 3,000, 7,000. மிக ஏழைகளுக்கான 2,000த்தை அரசும் உதவி நிறுவனங்களும் கட்டின. சேருவது கட்டாயம் என்பதும், அதை நிர்வாகம் உண்மையாகவே நடைமுறைப்படுத்தியதும் சேர்ந்துதான் அங்கே பத்தில் ஒன்பது பேர் அளவுக்குக் காப்பீடு போனது. காப்பீடு என்று பெயர் இருந்தாலும் நடுவில் நிற்பது அரசின் பணமும் அரசின் கையும்தான்.

அட்டை இருந்தும் செலவு குறையாத கதைகளும் உண்டு. சீனாவில் பழைய கூட்டுப்பண்ணை முறை கலைந்தபோது கிராமத்துக் கூட்டுறவு மருத்துவமும் சேர்ந்து கலைந்தது. 2003ல் புதிய கிராமப்புறக் கூட்டுறவுத் திட்டம் கொண்டுவந்தார்கள். தொடக்கத்தில் ஆளுக்கு 10 யுவான் குடும்பம் கட்டினால் மத்திய, உள்ளூர் அரசுகள் சேர்ந்து 20 யுவான் போடும். கோடிக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள், மருத்துவமனைக்குப் போவதும் கூடியது. ஆனால் ஆரம்ப வருட ஆய்வுகளில் கைக்காசுச் செலவு குறைந்ததாகத் தெரியவில்லை. காரணம், மருத்துவமனைகளின் வருமானமே பரிசோதனையிலும் மருந்திலும் இருந்தது. மருந்தின் கொள்விலைமேல் 15 சதவீதம் வைத்து விற்கலாம். நோயாளியிடம் அட்டை இருக்கிறது என்றால் ஒரு மருந்துக்கு இரண்டு, ஒரு ஸ்கேனுக்கு இரண்டு. காப்பீடு கொடுத்த பணம் போக மிச்சத்தை நோயாளி கட்டுவார். மருந்து லாபத்தை எடுத்துவிடும் கொள்கை 2009 சீர்திருத்தத்துக்குப் பிறகுதான் படிப்படியாக வந்தது. மருத்துவமனைக்கு எப்படிப் பணம் கொடுக்கிறோம் என்பதைத் தொடாமல் நோயாளிக்கு அட்டை கொடுப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி.

இந்தியாவில் 2008ல் வந்த ராஷ்ட்ரிய ஸ்வாஸ்திய பீமா யோஜனா, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு 30 ரூபாய் பதிவுக் கட்டணத்தில் வருடத்துக்கு 30,000 ரூபாய் வரை மருத்துவமனைச் செலவுக்குக் காப்பீடு கொடுத்தது. 2018ல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் அந்த வரம்பைக் குடும்பத்துக்கு 5 லட்சமாக உயர்த்தியது. இரண்டும் அட்மிட் ஆனால்தான். ஆனால் இந்தியக் குடும்பங்களின் கைக்காசு பெரும்பாலும் போவது மருந்துக்கும் புறநோயாளிச் சிகிச்சைக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாதாமாதம் வாங்கும் மாத்திரை இந்த இரண்டு அட்டையிலும் வராது. ஒரு பெரிய அறுவைச் சிகிச்சை குடும்பத்தை ஒரே நாளில் கவிழ்க்கும் என்பது உண்மை, அதற்கு இந்தத் திட்டங்கள் உதவியிருக்கின்றன. ஆனால் மாத்திரைச் செலவு கரையான் மாதிரி. சத்தம் வராது, உத்தரம் விழும்போதுதான் தெரியும். அரசியலில் அறுவைச் சிகிச்சைக்குக் கைதட்டல் கிடைக்கும், மாத்திரைக்குக் கிடைக்காது. இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

இப்போது பானை விஷயம். எல்லோரும் ஒரே பானையில் போடுகிறார்களா, அல்லது ஆளுக்கொரு பானையா? நியாயத்தைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்பது என் கருத்து. பல நாடுகள் அரசு ஊழியர், நிரந்தர வேலைக்காரர் இவர்களுக்கு முதலில் காப்பீடு கொடுத்துவிட்டு, மற்றவர்களை அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தன. அந்த "அப்புறம்" முப்பது வருடம் ஆகும். அதற்குள் முதல் பானைக்காரர்கள் நல்ல மருத்துவமனைகளுக்குப் பழகியிருப்பார்கள், சங்கம் வைத்திருப்பார்கள், பானைகளை ஒன்றாக்கலாம் என்றால் தெருவில் இறங்குவார்கள்.

சிலி 1981ல் தனியார் காப்பீட்டை அனுமதித்தது. சம்பளத்திலிருந்து கட்டாயமாகப் பிடிக்கும் 7 சதவீதத்தை இசாப்ரே எனப்படும் தனியார் நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம், அல்லது பொதுத்துறையின் ஃபொனாசாவில் விடலாம். நடந்தது எதிர்பார்க்கக்கூடியதுதான். இளைஞர், ஆரோக்கியமானவர், அதிகச் சம்பளக்காரர் தனியாருக்குப் போனார்கள். முதியவர், நோயாளி, ஏழை பொதுவில் தங்கினார்கள். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண் என்றால் தனியாரில் பிரீமியம் கூடுதல். அந்த வயது-பாலினப் பட்டியலுக்கு இடம்கொடுத்த சட்ட விதிகளை 2010ல் அரசியலமைப்பு நீதிமன்றம் செல்லாது என்றது. நடுவில் 2005 முதல், குறிப்பிட்ட நோய்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே உத்தரவாதம், காத்திருக்கும் காலத்துக்கு வரம்பு என்று ஒரு சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் பானை இரண்டாகத்தான் இருக்கிறது.

கொலம்பியாவும் இரண்டு வகை வைத்தது, 1993ன் 100ஆம் எண் சட்டத்தில். வேலையிலிருப்பவர் கட்டும் வகை ஒன்று, ஏழைகளுக்கு அரசு கட்டும் வகை இன்னொன்று. ஏழைகளின் வகையில் கிடைத்த சிகிச்சைகள் மற்றதில் பாதிதான். ஆனால் அங்கே மக்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், ஆயிரக்கணக்கில் வழக்குப் போட்டார்கள். 2008ல் அரசியலமைப்பு நீதிமன்றம் இரண்டு வகைக்கும் ஒரே சிகிச்சைப் பட்டியல் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2012க்குள் அது நடைமுறைக்கு வந்தது. காப்பீடு இருப்பவர்கள் கால்வாசியிலிருந்து பத்தில் ஒன்பதுக்கும் மேலானார்கள். பட்டியல் ஒன்றானாலும், தொலைதூரப் பகுதியில் அந்தச் சிகிச்சையைக் கொடுக்க மருத்துவமனை இல்லையென்றால் உரிமை காகிதத்தில்தான் என்ற மனக்குறை இன்றும் அங்கே கேட்கிறது.

தாய்லாந்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், நானும் பேசாமல் இருக்க முடியாது. 2001ல் ஒருமுறை வந்தால் 30 பாட் என்ற திட்டம் தொடங்கி, அடுத்த வருடமே நாடு முழுக்கப் பரவியது, சட்டமும் ஆனது. வேறு எந்தக் காப்பீட்டிலும் இல்லாத எல்லோரும், அதாவது மக்கள்தொகையில் சுமார் முக்கால்வாசிப் பேர், ஒரே திட்டத்தில். பிரீமியம் கிடையாது, முழுக்க வரிப்பணம். 30 பாட்டையும் 2006ல் எடுத்துவிட்டார்கள். மருத்துவமனைக்கு ஆளெண்ணிக்கைப்படி முன்கூட்டியே பணம் போகும், எழுதும் மாத்திரை எண்ணிக்கைப்படி அல்ல. சீனாவில் பார்த்த சிக்கல் இங்கே வேரிலேயே வெட்டப்பட்டது. ஆனால் இந்த வெற்றியை 2001ன் கணக்கில் மட்டும் எழுதக்கூடாது. அதற்கு முந்தைய இருபது வருடங்களில் மாவட்டந்தோறும் சிறு மருத்துவமனைகளைக் கட்டினார்கள். படிப்பு முடித்த டாக்டர்கள் கிராமத்தில் கட்டாயம் வேலை பார்க்க வேண்டும் என்றார்கள். திட்டத்தின் சிற்பி என்று போற்றப்படும் டாக்டர் சங்குவான் நித்யாரம்போங் அந்தக் கிராமத்து டாக்டர் பரம்பரையிலிருந்து வந்தவர். கட்டணம் போன அன்று ஏழைகள் போய் நிற்க, நடந்து போகும் தூரத்தில் ஒரு மருத்துவமனை இருந்தது. ஏழை மாகாணங்களில் குழந்தை இறப்பு குறைந்ததாக ஆய்வுகள் காட்டின.

அங்கேயும் பானை முழுசாக ஒன்றாகவில்லை. அரசு ஊழியர்களுக்குத் தனித் திட்டம், தனியார் தொழிலாளர்களுக்குத் தனி. அரசு ஊழியர் தலைக்கு ஆகும் செலவு பொது மக்களுடையதைவிடப் பல மடங்கு. சிறுநீரகம் செயலிழந்த அரசு ஊழியருக்கு டயாலிசிஸ் கிடைத்தது. அதே நோய் வந்த விவசாயிக்குத் தொடக்கத்தில் கிடைக்கவில்லை, செலவு தாங்காது என்று பட்டியலுக்கு வெளியே விட்டிருந்தார்கள். ஒரே நாடு, ஒரே நோய். ஒருவர் பிழைக்கிறார், இன்னொருவர் நிலத்தை விற்று ஆறு மாதம் டயாலிசிஸ் செய்துவிட்டு நிறுத்துகிறார். 2008ல், வீட்டிலேயே வயிற்றுவழியாகச் செய்துகொள்ளும் முறையை முதலில் கொடுப்போம் என்று அதைத் திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். நோயாளிகள் அமைப்பு சேர்ந்து போராடியதும், திட்டத்தின் நிர்வாகக் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதிகளுக்கு இடம் இருந்ததும் அதற்குப் பெரிய காரணம்.

இலங்கை இந்தப் பேச்சில் பல சமயம் விடுபட்டுப்போகிறது, அது தவறு. 1951லேயே அரசு மருத்துவமனையில் கட்டணத்தை நீக்கிவிட்டார்கள். காப்பீட்டு அட்டை இல்லை, ஏழையா என்று சோதிப்பதும் இல்லை. யார் வேண்டுமானாலும் போகலாம். அப்படியென்றால் பணக்காரர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள மாட்டார்களா? வரிசை நீளம், படுக்கை நெருக்கம், வசதி குறைவு. பணம் உள்ளவர் தானாகவே தனியாருக்குப் போய்விடுவார். அங்கே மொத்த மருத்துவச் செலவில் கைக்காசின் பங்கு குறைவில்லை, ஆனால் அதில் பெரும்பகுதியை வசதியுள்ளவர்களே சுமந்தார்கள். ஏழை அட்மிட் ஆக வேண்டிய பெரிய நோய்க்கு அரசு மருத்துவமனை இருந்தது. அந்த ஏற்பாடும் அரசின் கையில் பணம் இருக்கும் வரைதான். 2022ன் பொருளாதார நெருக்கடியில் மருந்து இறக்குமதி முடங்கியபோது இலவச மருத்துவமனையிலும் அதே "வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" சீட்டு வந்துவிட்டது.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பது நியாயமான கேள்வி. ஆப்பிரிக்கத் தலைவர்கள் 2001ல் அபுஜாவில் கூடி அரசு பட்ஜெட்டில் 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவோம் என்று உறுதியளித்தார்கள். அதை எட்டிய நாடுகளை விரல்விட்டு எண்ணலாம். பிலிப்பைன்ஸ் 2012ல் புகையிலை, மது மீதான வரியை உயர்த்தி, கூடுதல் வருமானத்தில் பெரும்பகுதியை மருத்துவத்துக்குத் திருப்பியது. அரசே பிரீமியம் கட்டிச் சேர்த்த ஏழைக் குடும்பங்கள் சில வருடங்களில் கிட்டத்தட்ட மூன்று மடங்காயின. ஏழைதானே அதிகம் புகைக்கிறார், வரி அவர் தலையில்தானே விழும் என்று கேட்பார்கள். விலை ஏறினால் முதலில் குறைப்பவரும் ஏழைதான், திரும்பக் கிடைக்கும் சிகிச்சையும் அவருக்குத்தான். இந்த வரியை நான் தயங்காமல் ஆதரிப்பேன்.

கடைசியாக மெக்சிகோ. 2003ல் சட்டமாகி அடுத்த வருடம் தொடங்கிய செகுரோ பொப்புலார் என்ற திட்டம், நிரந்தர வேலை இல்லாத கோடிக்கணக்கானவர்களுக்குக் காப்பீடு கொடுத்தது. சில பகுதிகளில் முதலில் கொடுத்து, சில பகுதிகளைப் பொறுத்திருக்க வைத்து ஒப்பிட்டுப் பார்த்ததில் பேரிழப்புச் செலவு குறைந்தது உறுதியானது. குறைகளும் இருந்தன, மாநிலங்கள் பணத்தை எப்படிச் செலவழித்தன என்பதில் நிறையப் புகார்கள். 2020 தொடக்கத்தில் அதைக் கலைத்துவிட்டு, எல்லோருக்கும் எல்லாமும் இலவசம் என்று இன்னொரு நிறுவனத்தை ஏற்படுத்தினார்கள். அதற்குரிய தயாரிப்பு இல்லை, கோவிட்டும் வந்து சேர்ந்தது. மருத்துவ சேவைக்கு வழியில்லாதவர்கள் 2018ல் 16.2 சதவீதம், 2022ல் 39.1 சதவீதம். இது அந்த நாட்டு அரசின் சொந்த மதிப்பீட்டு அமைப்பு சொன்ன கணக்கு. புது நிறுவனமும் 2023ல் மூடப்பட்டது. "எல்லோருக்கும் இலவசம்" என்ற நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை, நான் ஆதரிப்பதும் அதைத்தான். ஆனால் ஓடிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்திப் பிரித்துப் போட்ட நேரத்தில், ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் நடுவழியில் இறங்க வேண்டியதாயிற்று. அதில் தனியார் மருத்துவமனைக்கு மாறிக்கொள்ள முடிந்தவர்கள் மாறிக்கொண்டார்கள்.

ஒரு நாடு புதிய திட்டம் ஒன்றை அறிவித்தால் நான் எங்கே பார்ப்பேன் என்று கேட்டால், எத்தனை கோடிப் பேர் சேர்ந்தார்கள் என்ற விளம்பரத்தில் பார்க்க மாட்டேன். நல்ல கணக்கெடுப்புப் படிவங்களில் இன்னொரு கேள்வி இருக்கும்: "உடம்பு சரியில்லாதபோது வைத்தியம் பார்க்கவில்லை என்றால், ஏன்?" பணம் இல்லை, தூரம் அதிகம், போனாலும் மருந்து இருக்காது, கூட்டிப்போக ஆளில்லை என்று கட்டங்கள் இருக்கும். மிக ஏழையான ஐந்தில் ஒரு பங்கு குடும்பங்களை மட்டும் எடுத்து, திட்டத்துக்கு முன்னும் பின்னும் அந்தக் கட்டங்களை ஒப்பிடுவேன். "பணம் இல்லை" குறைந்து "மருந்து இருக்காது" கூடியிருந்தால், அடுத்து யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்று தெரிந்துவிடும்.